ரோகிணிக்கு வெள்ளை ஆகாது

எங்கள் முதலாளி யாரையும் ‘முடியாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியதே இல்லை. அந்த வேலையை அவருக்காக நவக்கிரகங்கள் பார்த்துக்கொண்டன.

ஹட்டன் பட்டணத்தை விட்டுத் தலவாக்கலைப் பக்கம் போகிற வீதியோரத்தில், பழைய வாகனங்கள் விற்கும் கார்சேல் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு சேர்ந்தவள், ஏழெட்டு வருஷம் அங்கேயே கிடந்தேன். வேலைக்குப் பெயர் கிளாக்கர். தொலைபேசிக்குப் பதில் சொல்வது, வண்டிக்குத் தவணைக் கடன் கொடுக்கும் லீசிங் கம்பனிப் பத்திரங்களை நிரப்புவது, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது, முதலாளியோடு வாய்ச்சண்டை போடுவது எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதைத்தான் ஒருநாளும் தவறாமல் செய்தேன்.

முற்றத்தில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். காலையில் வண்டிகளை மூடிய, பனியில் ஊறிய படங்குகளை உருவிப் போட்டுவிட்டு, முதலாளி ஒவ்வொரு வண்டியாக ஏறி ஸ்டார்ட் பண்ணுவார். குளிருக்கு பட்டரி இறங்கிவிடும். கொழும்பில் ஓடிய வண்டி என்றால் கீழ்த் தகரம் துருப்பிடித்திருக்கும், மலையில் ஓடிய வண்டி என்றால் கிளச் தேய்ந்திருக்கும். வாங்க வருகிறவர் கூடவே ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு வருவார். பாஸ் காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பாதி அந்த உதட்டுக்குத்தான்.

கைக்காசு கொடுத்து வாங்குகிற கடைக்காரர்களுக்கு முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பட்டணத்தில் சொந்த வீடு உள்ள வாத்தியார்மாரும் கந்தோரில் உத்தியோகம் பார்ப்பவர்களும் லீசிங்கில் வாங்குவார்கள். அவர்களுடைய பத்திரங்களை நான் அரை மணித்தியாலத்தில் நிரப்பிவிடுவேன். மிச்சம் இருக்கிறவர்களுக்கு முதலாளி வைத்த பெயர் ‘இழுவைக் கேஸ்’. பெரும்பாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கையில் முன்பணம் இருக்கும், வண்டி ஓட்டத் தெரியும், வண்டிக்கு ஓட்டமும் காத்திருக்கும். முகவரிதான் இருக்காது.

முகவரி இல்லை என்றால் தெருவில் படுக்கிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். மூன்று தலைமுறையாக ஒரே லயத்து வரிசையில், காம்பரா என்கிற ஒரே அறையில் இருப்பவர்கள்தான். ஆனால் அந்தக் காம்பரா தோட்டத்துச் சொத்து. கரண்ட் பில் தோட்டத்தின் பெயரில் வரும். கடிதம் வந்தால் தோட்டத்து ஒபீசுக்குப் போய், அங்கிருந்து காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். லீசிங் கம்பனியோ வீட்டு உறுதிப் பத்திரம் கேட்கும், இல்லாவிட்டால் சொந்தப் பெயரில் ஒரு பில்லாவது கேட்கும். நானும் தலவாக்கலைக்குக் கீழே ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் பேனாவை வைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கம்பனிக்கு நிரந்தரம் என்றால் என்ன என்று ஒருநாளும் விளங்கவில்லை.

முதலாளியைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட மாட்டேன். அவருடைய அப்பாவும் லயத்திலிருந்து மூட்டை தூக்க வந்து கடை போட்டவர்தான். நான் சேர்ந்த புதிதில், தெரிந்த தோட்டத்துப் பையன் ஒருவனுக்குத் தானே பிணை கையெழுத்துப் போட்டு ஒரு முச்சக்கர வண்டி வாங்கிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சம்பள உயர்வு கேட்டுத் தோட்டங்களில் வேலை நிறுத்தம். சனத்தின் கையில் காசில்லை, வண்டிக்கு ஓட்டமில்லை. தவணை தவறியதும் கம்பனி எழுதிய கடிதங்கள் பெரட்டுக் களத்துக்குத்தான் வந்தன. ஊர் முழுக்கத் தெரிந்து போனது. கடைசியில் திருவிழா நாளில், கோயில் வாசலில் வைத்தே வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சக் காசை முதலாளிதான் கட்டினார். அது அவருக்குப் பெரிதாகப்படவில்லை. பையனின் அப்பா ஒருநாள் எங்கள் முற்றத்தில் வந்து, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் முதலாளி ஆணியில் பஞ்சாங்கத்தை மாட்டினார்.

பஞ்சாங்கம் தொலைபேசிக்கு மேலே நூலில் தொங்கும். இழுவைக் கேஸ் ஒன்று படியேறினால் முதலாளி அன்பாக உட்கார வைப்பார். ஊர், தோட்டம், லயம் எல்லாம் விசாரிப்பார். பிறகு மெதுவாக, “நட்சத்திரம் என்னங்க?” என்பார். பஞ்சாங்கம் இறங்கும். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, விரலால் கட்டங்களைத் தடவி, உச்சுக்கொட்டுவார். கார்த்திகைக்காரருக்குச் சிவப்பு ஆகாது. சுவாதிக்காரருக்கு நாலு சக்கரம் ஆகாது, ரெண்டு சக்கரம் பரவாயில்லை. ஆடி மாதம் என்றால் அவருக்கு வேலையே இல்லை, மாதமே பார்த்துக்கொள்ளும். வந்தவர்கள் மனம் நோகாமல், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆள் ஒருவர், உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று மறுவாரம் வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முதலாளி வெட்கமில்லாமல் சாப்பிட்டார். நானும் ரெண்டு சாப்பிட்டேன்.

முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது.

“முதலாளி, நேராச் சொல்லிட்டா என்ன? முகவரி இல்லாததாலதான் கம்பனி குடுக்காதுன்னு?” என்று கேட்டேன்.

“நேராச் சொன்னா மூஞ்சி செத்துப்போயிரும் புள்ள. லயத்துல இருக்கறதால உனக்கு வண்டி இல்லன்னு ஒரு மனுசன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? கிரகத்து மேல போட்டா யாருக்கும் கோவம் இல்ல.”

“கிரகத்துக்குக் கோவம் வந்தா?”

“உன் வாய்க்குப் பூட்டுப் போட ஒருத்தன் வரணும்,” என்றார். அந்தப் பேச்சு எப்போதும் அங்கேதான் முடியும்.

ஒரு தோட்டத்து அக்கா வந்தது இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் போன பிறகு. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்தார், புருஷன் நனைந்துகொண்டே பின்னால் வந்தார். புருஷன் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். அவர் மெக்கானிக் பாஸ் யாரையும் கூட்டிவரவில்லை. தானே வெள்ளை டொல்பின் வேனுக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சேறு அப்பிய சட்டையோடு எழுந்து தலையை ஆட்டினார்.

அது பழைய வேன். இவ்வளவு வயதான வண்டியை எந்த லீசிங் கம்பனியும் தொடாது. அப்படிப்பட்ட வண்டிகளை முதலாளி சில நேரம் தன் சொந்தப் பொறுப்பில், தவணைக்கு விடுவார். உறுதி வேண்டாம், பில் வேண்டாம், அவர் மனது வைத்தால் போதும். அக்காவின் கையில் இருந்த காசு விலையில் பாதிக்கு மேலே இருந்தது.

தேத்தண்ணீர் கொடுக்கப் போனபோது அக்கா என்னோடுதான் அதிகம் பேசினார். குவைத்தில் வீட்டு வேலை. ரெண்டு தடவை போய்வந்தாகிவிட்டது. மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது முதல் தடவை போனார். இப்போது அவள் பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

“எங்க நாத்தனாரத்தான் அம்மாங்கறா. என்னய ‘அவங்க’ன்னு சொல்றா, தங்கச்சி. ராத்திரிக்கு எங்கிட்டப் படுக்க மாட்டேங்குறா,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 

“ஏஜென்ட் இப்பவே வந்து நிக்கிறான். பழைய வீட்டுக்காரங்களே திரும்பக் கேக்குறாங்களாம். இந்த வண்டி கெடச்சுட்டா நான் போக மாட்டேன். காலையில தோட்டத்துப் புள்ளைங்கள ஸ்கூலுக்கு எறக்கலாம், அப்புறம் ஸ்டேசன் ஹயர், ஆஸ்பத்திரி ஹயர். எல்லாம் பேசி வச்சிருக்கோம். அவரு ஓட்டுவாரு, நான் வீட்ல இருப்பேன்.”

எனக்கு அந்தக் கணக்கு பிழையாகத் தெரியவில்லை. முதலாளியும் இந்தத் தடவை மனது வைப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தோட்டம் எது, லயம் எது என்று விசாரித்தார். கோயில் வாசலில் வண்டி தூக்கிய அதே தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். கை பஞ்சாங்கத்துக்குப் போனது.

“நட்சத்திரம் என்னம்மா?”

“ரோகிணிங்க.”

“அடடா! ரோகிணிக்கு வெள்ளை ஆகாதேம்மா. தெரிஞ்சே எப்படிக் குடுக்கறது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அக்காவின் முகம் வாடியது. ஆனால் நம்பினார். புருஷன் வேனின் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு வந்தார். இருவரும் ஒரே குடையில் போனார்கள்.

மறுவாரமே அக்கா திரும்பி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“முதலாளி, எங்க கோயில் ஐயருகிட்டக் கேட்டேன். ரோகிணிக்கு அதிபதி சந்திரனாம். வெள்ளைதான் ரொம்ப ராசியாம். நீங்க வேற நட்சத்திரத்தைப் பாத்திருப்பீங்கன்னு சொன்னாரு.”

எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும் போல இருந்தது. முதலாளி பஞ்சாங்கத்தை மறுபடி இறக்கி, முன்னும் பின்னும் புரட்டினார். அவரைக் காப்பாற்ற அதில் ஒன்று கிடைத்தது.

“வெள்ளை சரிதாம்மா. ஆனா ரிஷப ராசிக்கு ஏழரைச் சனி நடக்குதே, அத ஐயர் சொல்லலியா? சனி நிக்கிற நேரம் வாகனம் வாங்கலாமா?”

அது மட்டும் உண்மை. அந்த வருஷம் ரிஷபத்துக்குச் சனி நடந்துகொண்டுதான் இருந்தது. பொய் சொல்லப் போனவருக்குப் பஞ்சாங்கமே சாட்சி சொன்னது.

“பரிகாரம் இருக்குங்களா?” என்று அக்கா கேட்டார்.

“ஒன்பது சனிக்கிழமை எள்ளு விளக்குப் போடுங்க. பொறகு பாப்போம்,” என்றார் முதலாளி. அந்தப் ‘பாப்போம்’ என்ற சொல்லுக்கு எங்கள் முற்றத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியவில்லை. சரிங்க என்று தலையாட்டினார்.

அவர் வீதியில் இறங்கி மறையும் வரை பொறுத்திருந்துவிட்டு நான் பிடித்துக்கொண்டேன். “அந்தக்கா செய்வாங்க முதலாளி. சொன்ன மாதிரியே செஞ்சிட்டு வந்து நிப்பாங்க.”

“ஒம்பது வாரம் யாரு புள்ள காத்திருப்பா? ஏஜென்ட் அதுக்குள்ள ப்ளேன்ல ஏத்திருவான்.”

“வண்டி வாங்கினா போக மாட்டேன்னுதானே வந்தாங்க?”

முதலாளி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணிய வண்டிகளையே மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போனார். மனது சரியில்லை என்றால் அதுதான் செய்வார்.

நாலைந்து வாரம் போயிருக்கும். கினிகத்தேனையிலிருந்து இரும்புக்கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி ஒருவர் வந்தார். கைக்காசு. வெள்ளை வேனை ஒரு சுற்றுச் சுற்றினார், பேரம் பேசினார், மறுநாள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று காலை முதல் மாலை வரை முதலாளியோடு பேசவில்லை. என் வாய்க்குப் பூட்டு வேண்டும் என்று சொன்னவர், பூட்டியதும் தவித்துப்போனார். ஐந்து மணிக்குத் தானாகவே வந்து, “வியாபாரம்னா அப்படித்தான் புள்ள,” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

ஒன்பதாவது சனிக்கிழமை அக்கா வந்தார். நெற்றியில் விபூதி, கையில் எவர்சில்வர் தூக்குச் சட்டி. புருஷனும் கூடவே, தோய்த்த சட்டையோடு. சட்டியில் எள்ளுச் சாதம். கோயிலில் படைத்துவிட்டு, பஸ் பிடித்து நேரே வந்திருக்கிறார்கள். வாழையிலைத் துண்டில் முதலாளிக்கு ஒரு கரண்டி வைத்தார், எனக்கு ஒரு கரண்டி வைத்தார்.

“எல்லாம் சொன்ன மாதிரியே முடிச்சாச்சுங்க முதலாளி. இன்னைக்கு ஐயரே மாலை குடுத்து அனுப்பினாரு, வண்டிக்குப் போடச் சொல்லி.” பையிலிருந்து சாமந்தி மாலையை எடுத்தார். அப்போதுதான் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் மழைத் தண்ணீரும் மட்டும் இருந்தன.

முதலாளி பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி விஷயத்தில் அவர் பயந்தவர். வாயில் போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. “அது... வித்துப் போச்சும்மா,” என்றார்.

அக்கா கோபப்படவில்லை. “அப்ப சனி இன்னும் விடலியா?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “அக்கா, சனியும் இல்ல, சந்திரனும் இல்ல. நீங்க லயத்துல இருக்கீங்க, உங்களுக்குச் சொந்த முகவரி இல்ல. தவணை நின்னுட்டா என்ன செய்யறதுன்னு முதலாளிக்குப் பயம். அவ்வளவுதான்,” என்று போட்டு உடைத்தேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுதேன் என்று தெரியாது. எங்கள் அம்மாவும் அந்த அக்காவைப் போலத்தான், யார் எதைச் சொன்னாலும் நம்பி விளக்குப் போடுகிறவர்.

அக்கா மாலையைப் பைக்குள் திரும்ப வைத்தார். நேரமெடுத்து, பூ உதிராமல் வைத்தார்.

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே முதலாளி,” என்றார். “முகவரின்னு சொல்லியிருந்தா முகவரிக்கு அலைஞ்சிருப்பேன். பிணைன்னு சொல்லியிருந்தா பிணைக்கு ஆளத் தேடியிருப்பேன். நீங்க சனின்னு சொன்னீங்க. நான் சனியச் சுத்திக்கிட்டு இருந்தேன்.”

முதலாளியின் தலை குனிந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவர் எழுந்து கையைக் கழுவப் போகவில்லை. பிரசாதத்தை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

முற்றத்தில் அந்த நேரம் இன்னொரு வேன் நின்றது. நீல நிறம், வயது குறைந்தது, விலை கூடியது. அதற்கு லீசிங் கம்பனி இல்லாமல் முடியாது. பிணைக்குத் தானே கையெழுத்துப் போடுவதாக முதலாளி தொலைபேசியில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. ஒரு தடவை சூடுபட்ட மனிதர், மறுபடியும் போடுகிறேன் என்றார். அதை மறைத்து எழுதினால் எனக்குத்தான் பாவம். திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கம்பனிக் கிளைக்குப் போகும்படி அக்காவிடமும் புருஷனிடமும் சொன்னார்.

கிளையில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், சண்டையில் ஊரை விட்டு வந்தவர். மெலிந்த மனிதர், குரல் உயராது. அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“முதலாளி பிணை நிக்கிறபடியால் முகவரியை நான் எப்பிடியும் சமாளிப்பன் அம்மா. அது ஒரு கூத்துத்தான். எனக்கு ஊரில வீடு இருக்கு, உறுதி இருக்கு. ஆனா ஆமிக் காம்ப் இருக்கிறதால அந்தப் பக்கமே போக ஏலாது. அந்த முகவரியைக் குடுத்தா கம்பனி ஓம் எண்டு சொல்லும். நீங்கள் பிறந்ததிலயிருந்து இருக்கிற காம்பராவைக் குடுத்தா இல்லை எண்டு சொல்லும்.” அவர் லேசாகச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. “பிரச்சினை வருமானம். உங்கட அவரின்ர தோட்டத்துச் சம்பளம் இந்த வண்டித் தவணைக்குக் காணாது. வண்டி ஓடினா வருமெண்டு நீங்கள் சொல்லுறது சரி, ஆனா ஓடாத வண்டியின்ர வருமானத்தை நான் எழுதேலாது. வேற ஏதும் இருக்கா?”

 புருஷன்தான், “ஏஜென்டுகிட்ட புது ஒப்பந்தம் வந்திருக்குங்க சேர். இவ இன்னும் கையெழுத்து வைக்கல,” என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். “குவைத் ஒப்பந்தமா? அது இருந்தா நாளைக்கே முடிக்கலாம்.”

 கீழே பஸ் நிலையத்தில் கண்டக்டர் நுவரெலியா, நுவரெலியா என்று கத்துவது கேட்டது.

“அப்ப, நான் போனாத்தான் வண்டி வரும்,” என்றார் அக்கா.

“பேப்பரில அப்பிடித்தான் வருது அம்மா,” என்றார் அதிகாரி. அந்த மனிதர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளை வேனுக்கு எந்தப் பேப்பரும் தேவைப்பட்டிருக்காது.  எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

படி இறங்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அக்கா கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “வண்டியும் இல்லாம வீட்ல இருந்தா அடுத்த வருசம் எப்படியும் போகத்தான் போறேன், தங்கச்சி. போறதுதான் போறோம், வண்டியையாவது நிறுத்திட்டுப் போறேன்,” என்றார். அந்த மாதமே குவைத் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். நீல வேன் முற்றத்தை விட்டுப் போன அன்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது அக்கா அங்கே இல்லை. கொழும்பில் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர், ஸ்டியரிங்கில் அவர் புருஷன்.

நான் பஞ்சாங்கத்தை ஆணியிலிருந்து கழற்றி முதலாளியின் மேசை லாச்சிக்குள் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதன் பிறகு இழுவைக் கேஸ்களோடு பேசும் வேலையை என்னிடமே விட்டுவிட்டார். இன்ன காரணத்தால் கம்பனி கொடுக்காது, இன்னது கொண்டுவந்தால் பார்க்கலாம், இந்த வண்டி உங்கள் வரும்படிக்குத் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிலர் திட்டினார்கள். லயத்துக்காரி நாலெழுத்துப் படித்ததும் லயத்தையே மறந்துவிட்டாள் என்று ஒருவர் என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். சிலர் மூன்று மாதம் கழித்து, பட்டணத்தில் கடை வைத்திருக்கும் மச்சானைப் பிணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வாழைப்பழச் சீப்பு மட்டும் அதற்குப் பிறகு வரவேயில்லை.

நீல வேன் எங்கள் முற்றத்தைக் கடந்துதான் தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும். உள்ளே பிள்ளைகள் திணறத் திணற இருப்பார்கள். முன் சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில், ரெட்டைச் சடை போட்ட மகள். வாங்கி ஆறு மாதத்திலேயே இழுவைக் கதவின் பூட்டு கெட்டுவிட்டது. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, தோளால் ஒரு தள்ளுத் தள்ளி, பிறகு இழுக்க வேண்டும். புது உதிரிப்பாகம் விலை என்று புருஷன் அப்படியே விட்டுவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வித்தை பழகிப்போனது. எனக்கும் தெரியும், மழை நாட்களில் பலமுறை அதில் ஏறியிருக்கிறேன். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அக்கா வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில், வீட்டுக்குக்கூடப் போகாமல், வேனை எங்கள் முற்றத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். காலை வெயில். கொஞ்சம் பருத்து, நிறம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து இருந்தார். எனக்கு வாசனைச் சோப்பு, முதலாளிக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.

“முதலாளி, ரோகிணிக்கு நீலம் ஆகுங்களா?” என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை, விளையாட்டுத்தான்.

“எல்லா நிறமும் ஆகும்மா,” என்றார் முதலாளி. பேரீச்சம்பழப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குள் கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

இனிமேல் போக மாட்டேன், இதுதான் கடைசி என்று அக்கா என்னிடம் சொன்னார். புருஷன் எதிர்க் கடைக்கு வெற்றிலை வாங்கப் போயிருந்தார். மகள் முற்றத்து வண்டிகளுக்கு நடுவே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வரவில்லை.

போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா வேன் பக்கம் நடந்தார். விமான நிலையத்தில் புருஷன் திறந்துவிட்ட கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார். பூட்டியிருக்கிறதோ என்று கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் திறந்து விடலாம் என்று கால் எடுத்தேன். முதலாளி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மகள் வந்தாள். அம்மாவின் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல், அதன் மேலேயே தன் கையை வைத்தாள்.

“இப்படி இல்ல. மொதல்ல தூக்கணும்,” என்றாள். “அப்புறம் தள்ளணும். உங்களுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியுமே.”

“எனக்குத் தெரியாதும்மா,” என்றார் அந்த வண்டியின் சொந்தக்காரி. “நீ சொல்லிக் குடு.”

மகள் இன்னொரு தடவை, மெதுவாகச் செய்து காட்டினாள்.